ஒன்பது நிமிட வாசிப்புக்கு ஒன்றரைக் காசு

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால் போதும், ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கில் ஏறிவிடும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் கேட்டாலும் அதே ஒன்றுதான். இரண்டரை நிமிடக் குத்துப் பாட்டும் ஒன்று. சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று நாலு பேரும் முறைவைத்துத் தனியாக வாசித்து முடிக்கிற ஒன்பது நிமிட ஜாஸ் உருப்படியும் ஒன்று. இருபது சின்னப் பாட்டுகள் கொண்ட பாப் ஆல்பத்தை ஒருவர் முழுசாகக் கேட்டால் இருபது ஸ்ட்ரீம். அதே ஒரு மணி நேரத்தை ஜாஸ் ஆல்பத்துக்குக் கொடுத்தால் ஆறோ ஏழோதான் தேறும்.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ கைக்காசைப் போட்டு ஜாஸ், ப்ளூஸ், நாட்டுப்புற இசை என்று ஆல்பம் கொண்டுவருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். நண்பர்கள் குழுவில் யாராவது "புது ஆல்பம் போட்டிருக்கான், கேளுங்க" என்று லிங்க் அனுப்புகிறார்கள். நாமும் கேட்கிறோம். நாம் கேட்பதால் அந்த ஆளுக்கு என்ன போய்ச் சேருகிறது, ஒன்றும் சேராதபோது எதற்காக இன்னும் ஆல்பம் ஆல்பமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைப் பார்ப்போம்.

ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். மொத்த ஸ்ட்ரீம்களில் யாருடையது எத்தனை விழுக்காடு என்று பார்த்து அதைப் பிரிக்கிறார்கள். ஆகவே நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு பினாங்கு கிட்டார்காரரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாலும் உங்கள் சந்தா அவருக்கு நேராகப் போவதில்லை. பொது உண்டியலில் விழுந்து, உலகமே கேட்கிற பெரிய நட்சத்திரங்கள் பக்கம்தான் பெரும்பகுதி போகும். பொதுவாகச் சொல்லப்படும் சராசரி, ஒரு ஸ்ட்ரீமுக்கு 0.003 முதல் 0.005 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஒன்றிலிருந்து இரண்டு காசு. ஒன்றரைக் காசு என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் தடவைக்கு 15 வெள்ளி. நாலு பேர் குழுவில் ஆளுக்கு 3 வெள்ளி 75 காசு. ஒரு தே தாரேக் குடிக்கலாம்.

அந்தப் பதினைந்து வெள்ளியும் உறுதியில்லை. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு உரிமைத்தொகை எதுவும் தருவதில்லை. சின்ன ஊரின் சின்ன ஜாஸ் குழுவுக்கு ஆல்பத்தில் ஒரு பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டலாம், மற்ற ஐந்தும் தாண்டாமல் நின்றுவிடலாம். சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு ஸ்ட்ரீமிங் தளம் 2021-இல், இந்தப் பொது உண்டியலுக்கு மாற்றாக, ஒவ்வொருவரின் பணமும் அவரவர் கேட்கும் கலைஞருக்கே போகும்படி ஒரு முறையைக் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான், ஆனால் பெரிய தளங்கள் அதைப் பின்பற்றவில்லை.

ரசிகர் ஆல்பத்தை விலைக்கு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் கணக்கு வேறு மாதிரி. 2008-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் கலைஞரே விலை வைக்கிறார், தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. ஆல்பம் 30 வெள்ளி என்று வையுங்கள். தளத்தின் பங்கும் பணம் அனுப்பும் கட்டணமும் போக 24 வெள்ளி வாக்கில் கைக்கு வரும். மேலே போட்ட கணக்கின்படி அது 1,600 ஸ்ட்ரீமுக்குச் சமம். ஆறு பாட்டு ஆல்பம் என்றால் ஒரே ஆள் அதை 250 தடவைக்கு மேல் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். என் வீட்டில் எம்.எஸ்.வி. பாட்டைக்கூட அத்தனை தடவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோவிட் சமயத்தில், 2020 மார்ச் 20 அன்று, பேண்ட்கேம்ப் தன் பங்கைக் கலைஞருக்கே விட்டுக்கொடுத்தது. அப்புறம் அதுவே சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமையில் நடக்கும் வழக்கமானது. ஆனால் அந்தத் தளத்தின் தலையெழுத்தும் ஆட்டம் கண்டுவிட்டது. 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ விளையாட்டு நிறுவனம் வாங்கியது, மறு ஆண்டே சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது. கைமாறிய கையோடு ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வேலை போனது.

சரி, இவ்வளவு மோசமான வியாபாரத்தில் ஏன் ஆல்பம்? ஒற்றைப் பாட்டாக விட்டுக்கொண்டே போகலாமே?

ஜாஸ், ப்ளூஸ், நாட்டுப்புற இசை என்ற இந்த மூன்றுக்கும் ஆல்பம் விற்பனைச் சரக்காக இருந்ததைவிட அடையாளச் சீட்டாக இருந்ததுதான் அதிகம். கூச்சிங்கில் 1998 முதல் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழாவுக்கோ வெளிநாட்டு ஜாஸ் விழாவுக்கோ ஒரு குழு விண்ணப்பித்தால் முதலில் கேட்பார்கள், "உங்கள் ஒலிப்பதிவு எங்கே?" 2017-இல் அமைக்கப்பட்ட செண்டானா போன்ற அரசு சார்ந்த அமைப்பிடம் மானியம் கேட்டுப் போகிறவரும் கையில் எதையாவது காட்டியாக வேண்டும். விமர்சகர்கள் ஒற்றைப் பாட்டுக்கு எழுதுவது அபூர்வம். ஜாஸில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குழு ஒரு காலகட்டத்தில் எப்படி ஒலித்தது என்பது ஒரு பாட்டில் தெரியாது. மெதுவானது, வேகமானது, பழைய பாட்டின் புது உரு, சொந்த அமைப்பு என்று முக்கால் மணி நேரம் கேட்டால்தான் பிடிபடும்.

இதை நிறுவனங்கள் செய்து கொடுக்காதபோது கலைஞர்களே செய்துகொள்வது இணையம் வந்த பிறகு தோன்றிய பழக்கம் இல்லை. 1952-இலேயே ஜாஸ் கலைஞர்கள் சார்ல்ஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் டெபியூ என்ற சொந்த நிறுவனத்தை நியூயார்க்கில் ஆரம்பித்தார்கள். இன்னொரு ஜாஸ் கலைஞரான சன் ரா சிகாகோவில் சாட்டர்ன் என்ற பெயரில் போட்ட இசைத்தட்டுகளில் பல, கையால் வரைந்த அட்டையோடு கச்சேரி நடந்த இடத்திலேயே விற்றவை. ப்ளூஸில், ஹவுண்ட் டாக் டெய்லர் என்ற கலைஞரை ஒலிப்பதிவு செய்யத் தான் வேலை பார்த்த நிறுவனம் முன்வராததால் புரூஸ் இக்லாவர் என்ற இளைஞர் 1971-இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். இன்றைக்கு அது ப்ளூஸ் உலகின் பெரிய பெயர். மரியா ஷ்னைடர் 2004-இல் தன் ஜாஸ் இசைக்குழு ஆல்பத்தை ரசிகர்களிடமே முன்பணம் வாங்கித் தயாரித்து, கடைக்கே அனுப்பாமல் ஆர்ட்டிஸ்ட்ஷேர் தளத்தில் மட்டும் விற்றார். மறு ஆண்டு அதற்கு கிராமி கிடைத்தது. இன்று நம் ஊரில் பிள்ளைகள் 'கிரவுட் ஃபண்டிங்' என்று செய்வதற்கு அது முன்னோடி.

நம் பக்கம் வருவோம். 1930-களில் மலாயாவில் விற்ற மலாய் இசைத்தட்டுகளின் லேபிளைப் பார்த்தால் பாட்டின் பெயருக்குக் கீழே ஃபாக்ஸ்டிராட், ரும்பா, கெரோஞ்சோங் என்று அச்சிட்டிருக்கும். பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகக் குழுக்களின் இசைக்காரர்களும், ஹோட்டல்களிலும் பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் ஆட்டத்துக்கு வாசித்தவர்களும் அமெரிக்க ஜாஸை உடனுக்குடன் பிடித்துக்கொண்டார்கள். பினாங்கு துறைமுகம் என்பதால் தட்டுகளும் இசைக்குறிப்புத் தாள்களும் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. மலாய்த் திரை நட்சத்திரமும் பாடகருமான பி. ரம்லி 1929-இல் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில்தான். அவருடைய மெட்டுகளுக்குள் ஜாஸ் எப்படி வந்தது என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அதே ஊர்க்காரரான ஜிம்மி பாயல் ஜாஸ் பியானோ வாசித்தார், சுதந்திரம் கிடைத்த காலத்தின் தேசபக்திப் பாடல்களுக்கும் இசையமைத்தார். கோலாலம்பூரில் அல்ஃபோன்ஸோ சோலியானோ 1961-இல் வானொலி இசைக்குழுவின் முதல் நடத்துநர் ஆனார்.

இவர்களெல்லாம் ராத்திரி ராத்திரியாக வாசித்ததில் நமக்குக் கேட்கக் கிடைப்பது எவ்வளவு? சொற்பம். ஒலிப்பதிவு செய்யப்பட்டது பாட்டு, வாசிப்பு இல்லை. மூன்று நிமிடத் தட்டில் பாடகருக்குப் பின்னால் நாலு சுரம் வாசித்த டிரம்பெட்காரர், அன்றிரவு ஹோட்டலில் பத்து நிமிடம் என்ன செய்தார் என்பது அங்கே இருந்தவர்களோடு போய்விட்டது. 2004-இல் பத்து ஃபெரிங்கியில் பினாங்குத் தீவு ஜாஸ் விழாவைத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நடத்திய பால் அகஸ்டின், ஜேம்ஸ் லாக்ஹெட்டுடன் சேர்ந்து அந்தப் பழைய கலைஞர்களைத் தேடிப்போய் நேர்கண்டு, படங்களும் ரசீதுகளும் திரட்டி 2015-இல் புத்தகமாக்கினார். மறு ஆண்டு கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. அருமையான வேலை. ஆனால் அந்த அருங்காட்சியகத்தில் நின்றபோது கண்ணுக்குக் கிடைத்த அளவு காதுக்குக் கிடைக்கவில்லை என்று தோன்றாமல் இல்லை. ஆல்பம் போடாத தலைமுறையின் விலை அது.

இன்றைய கோலாலம்பூரில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஜாலான் மெசுயில் 1998 முதல் நடக்கும் நோ பிளாக் டை என்ற இசை விடுதி போன்ற இடத்தில், பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறது. சொந்த இசை வாசிக்க அது அவசியம். ஹோட்டல் லாபியில் வாசிக்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. தெரிந்த பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். சம்பளம் அங்கேதான் நிலையாக வரும், அதனால் பலரும் வாரநாளில் ஹோட்டலும் மாதத்தில் ஓரிரவு சொந்த இசையுமாக ஓட்டுகிறார்கள். ஆல்பம் அந்த ஓரிரவின் பதிவு. தே செர் சியாங்கின் டபிள்யூ.வி.சி. குழு, கிட்டாரோடு தபலாவும் குமார் கார்த்திகேசுவின் சித்தாரும் சேர்ந்த ஆகாஷா, கிட்டாரும் கையுமாகப் பாடும் அஸ்மில் யூனோர் என்று இந்த வட்டத்தின் பெயர்கள் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் புழங்குவதில்லை.

ஏன் புழங்குவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஆட்கள் இந்த இசையில் இல்லாமல் இல்லை. ஏஷியாபீட் குழுவைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் இருக்கிறார். பியானோவில் மைக்கேல் வீரப்பன் இருக்கிறார். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்து 2012-இல் மறைந்த பால் பொன்னுதுரையின் கிட்டாரைக் கேட்டவர்கள் லேசில் மறப்பதில்லை. ஜாஸுக்கு வெளியே போனால், பினாங்கு ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் கட்டிய ஆலிகேட்ஸ் குழு, மலாய்ப் பாப் இசையையே ஒரு காலத்தில் ஆண்டது. ஆனால் இவர்களின் இசை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லே இல்லாமலோ இருந்தது. தமிழில் பாட நினைத்தவருக்கு எதிரே நின்றது சென்னை. தமிழ் வானொலியில் பெரும்பகுதி நேரம் சினிமாப் பாட்டுக்கே போகிறது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்குள் நுழையவும் பாட்டு சினிமாப் பாட்டு அளவுக்கும் சாயலுக்கும் வெட்டித் தைக்கப்பட வேண்டியிருக்கிறது. அதை மீறி 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வெற்றி பெற்றது. அது ஹிப் ஹாப். தமிழில் ஒரு மலேசிய ப்ளூஸ் ஆல்பம் என்று யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ப்ளூஸ் கேங் என்ற குழு நெகிரி செம்பிலான் வட்டார வழக்கிலேயே 'அப்போ நாக் டிகாத்தோ' என்று பாடி மலாய்க்காரர்களுக்கு ப்ளூஸைச் சொந்தமாக்கியது. நம் தோட்டத்துப் பேச்சில் அப்படி ஒன்று வந்திருக்கலாம்.

இந்த இடத்தில் "நம் ஒப்பாரிதான் ப்ளூஸ்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பாரி இழவு வீட்டில், செத்தவரைப் பார்த்து, பெரும்பாலும் பெண்கள் பாடுவது. ப்ளூஸ் ஆரம்பத்திலிருந்தே சனிக்கிழமை ராத்திரிக் கூத்துக்கும் சேர்ந்தது. அழுகையைவிடக் கிண்டலும் காமமும் அதில் அதிகம். பன்னிரண்டு தாளக்கட்டு, முதல் அடியைச் சொல்லித் திருப்பிச் சொல்லி மூன்றாவதில் பதில் சொல்வது என்ற வடிவம் ஆட்டத்துக்கு வசதியானது. ஒப்பிட வேண்டுமானால் தெம்மாங்கோடும் பால்மரக் காட்டு வேலைப் பாட்டோடும் ஒப்பிடலாம். ப்ளூஸும் சரி, இவையும் சரி, தோட்டத்துக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட சமூகங்களின் பாட்டு, அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒன்றல்ல என்றாலும்.

பெரிய வித்தியாசம் ஒலிப்பதிவில் இருக்கிறது. 1920-இல் மேமி ஸ்மித் பாடிய ப்ளூஸ் தட்டு எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்ததும், அமெரிக்க நிறுவனங்கள் கறுப்பினப் பாடகர்களைத் தேடித் தெற்கே ஓடின. நியாயமாக நடந்துகொள்ளவில்லை, ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், உரிமைத்தொகை பலருக்கும் கிடைக்கவே இல்லை. ஆனாலும் பதிவு இருக்கிறது. ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆண்டுகளில் டெக்சாஸில் பாடி வைத்தது 29 பாட்டு, மறு ஆண்டு செத்துப்போனார். அந்த 29 இல்லையென்றால் பிற்கால ராக் இசையே வேறாக இருந்திருக்கும். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக மிசிசிப்பித் தோட்டத்துக்குப் போய்ப் பதிவு செய்த ஒரு டிராக்டர் ஓட்டிதான் பின்னால் மடி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்தவர்.

அதே 1936-இல் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பாடிய ஆள் யார் என்று நமக்குத் தெரியாது. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிப் பாட்டுகள் உண்டு, கங்காணியைத் திட்டும் பாட்டுகள் உண்டு. இரா. தண்டாயுதம், முரசு நெடுமாறன் போன்றோர் அலைந்து திரிந்து அவற்றைத் திரட்டினார்கள். நம்மிடம் பெரும்பாலும் வரிகள் இருக்கின்றன, குரல் இல்லை. எங்கே இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள், கூட்டம் எங்கே பதில் குரல் கொடுத்தது என்பதெல்லாம் தாளில் வராது.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு சரவாக்கிலிருந்தே ஒரு சான்று. அலேனா முராங் சாப்பே என்ற சரவாக் நரம்புக் கருவியோடு 2021-இல் வெளியிட்ட 'ஸ்கை சாங்ஸ்' ஆல்பத்தில் கெலாபிட், கென்யா மொழிகளில் பாடுகிறார், மூத்தவர்களிடம் கேட்டுக் கற்ற பாட்டுகளும் அதில் உண்டு. கெலாபிட் பேசுவோர் சில ஆயிரம் பேர்தான். அந்த ஆல்பத்தை அருங்காட்சியகச் சரக்கு மாதிரி அல்லாமல் இன்றைய கிட்டார், டிரம்ஸ் ஒலியோடு கேட்கும்படி செய்திருக்கிறார்கள். பதினைந்து லட்சத்துக்கு மேல் தமிழர் இருக்கும் நாட்டில் தோட்டப் பாட்டுக்கு அப்படி ஓர் ஆல்பம் என் கையில் கிடைத்ததில்லை.

இதில் விதிவிலக்கு உறுமி மேளக்காரர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் வாசிக்கும் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஸ்டூடியோவில் பதிந்து, விழாக்காலத்தில் குறுந்தட்டாக விற்றார்கள். இப்போது யூடியூபில் ஏற்றுகிறார்கள். பெரிய நிறுவனமும் இல்லை, மானியமும் இல்லை. சன் ரா செய்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நம் பெரியவர்கள் உறுமி என்றாலே ஒழுங்குப் பிரச்சினை என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள், இசை என்று பேசுவதில்லை.

வெளியே பார்த்தால் தமிழ்க் குரல் சுயேச்சை ஜாஸுக்குள் போய்க் கொஞ்சக் காலம் ஆகிறது. லண்டனில் பிறந்த சுசீலா ராமன் 2001-இல் முதல் ஆல்பத்திலேயே கர்நாடக சங்கீதத்தையும் ப்ளூஸ் கிட்டாரையும் சேர்த்து, பிரிட்டனின் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனார். 2008-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, நமக்கெல்லாம் சினிமா வழியாகவும் தெரிந்த கத்ரி கோபால்நாத்தோடு இரண்டு சாக்ஸபோனாக வாசித்த 'கின்ஸ்மென்', பை ரெக்கார்டிங்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் வெளியீடு. இப்போதைக்கு நான் கேளுங்கள் என்று தள்ளுவது பாடகி கானவ்யாவை. ஜலதரங்கக் கலைஞர் சீதா துரைசாமியின் பேத்தி. 2024-இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களோடு ஜாஸ் கலைஞர்களான ஜான், ஆலிஸ் கோல்ட்ரேன் தம்பதியின் இசையையும் நம் பக்கத்துப் பக்தி மரபையும் ஒரே மூச்சில் பாடுகிறார். மறு ஆண்டு வந்த 'நிலம்' அதைவிட மெலிது, அதைவிட எனக்குப் பிடித்தது. இரண்டும் பெர்லினின் லைட்டர் என்ற சிறு நிறுவனத்திலிருந்து வந்தவை. பசியாறும் நேரத்தில் ஓடவிட்டால் ஒன்றும் புரியாது. ராத்திரி ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

நம் ஊர்க் கலைஞர்கள் ஆல்பம் போடும்போது சறுக்குகிற இடம் பெரும்பாலும் காகிதவேலை. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிமைத்தொகை வசூலிப்பது எம்.ஏ.சி.பி.; ஒலிப்பதிவில் வாசித்தவர்களுக்கு ஆர்.பி.எம்.; ஒலிப்பதிவின் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு பி.பி.எம். சொந்தமாக எழுதி, வாசித்து, பதிந்த ஒருவர் மூன்று தொப்பியையும் போட்டிருக்கிறார், ஆனால் ஒன்றில்கூடப் பெயர் கொடுத்திருக்க மாட்டார். வானொலியில் பாட்டு ஓடினாலும் பணம் வர வழியிருக்காது. பழைய ஜாஸ் பாட்டை வாசிப்பவருக்கு இன்னொரு சிக்கல்: ஒன்பது நிமிடத்தில் எட்டு நிமிடம் அவருடைய கற்பனையாக இருந்தாலும் இசையமைப்புக்கான பங்கு மூலப்பாட்டை எழுதியவருக்கே போகும். 1945-இல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'செரோக்கி' பாட்டின் ஸ்வரக்கட்டை, அதாவது பின்னால் ஓடும் 'கார்டு' வரிசையை, வைத்துக்கொண்டு மேலே புது மெட்டுப் போட்டு 'கோ-கோ' என்று பெயர் வைத்ததில் கலையும் உண்டு, இந்தக் கணக்கும் உண்டு. மெட்டுக்குக் காப்புரிமை, ஸ்வரக்கட்டு வரிசைக்கு இல்லை. பன்னிரண்டு தாளக்கட்டு ப்ளூஸ் யாருக்கும் சொந்தமில்லை என்பதும் அதனால்தான்.

அப்புறம் பெயர்ப்பட்டியல். குறுந்தட்டு உறையில் யார் தபலா, யார் பாஸ், எந்த ஸ்டூடியோ, எந்தத் தேதி என்று அச்சிட்டிருப்பார்கள். ஜாஸ் ரசிகர் ஒரு ஆல்பத்திலிருந்து அடுத்ததுக்குப் போவதே அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான். ஸ்ட்ரீமிங் செயலியில் பாடகர் பெயர் முன்னால் நிற்கும். மற்றவர் பெயரை ஏற்றும்போது யாரும் நிரப்பவில்லையென்றால் அவர் வாசித்ததாகவே தெரியாது. நண்பர் அனுப்பிய லிங்கைக் கேட்டுவிட்டு, பிடித்திருந்தால், மிருதங்கம் யார் என்று ஆல்பம் போட்டவரிடமே கேளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு, அநேகமாக உடனே போய் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவார்.